வீடு பார்க்க ஆட்கள் வரும் நேரம்

ஏஜென்ட் அண்ணை வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே மூக்கை ஒருமுறை சுருக்கினார். பிறகு ஒன்றும் நடக்காதது போல உள்ளே வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, நாலு தட்டையும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"அக்கா, வீடு நல்ல வீடு. குறை சொல்லேலாது. ஆனா நாய் மணக்குது."

அம்மா என்னைப் பார்த்தா. நான் ரோசியைப் பார்த்தேன். ரோசி அவருடைய சப்பாத்தை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"மற்றது, படம் எடுக்கிற நாள் தொடங்கி ஒஃபர் நாள் மட்டும் மீன் பொரிக்க வேண்டாம். கருவாடு வேண்டவே வேண்டாம்."

நாய்க் கதையை அம்மா பொறுத்துக்கொண்டா. கருவாட்டுக் கதைக்குத்தான் முகம் மாறியது. அவர் போன பிறகு, "23 வருஷம் சமைச்ச வீடு, மணக்காம என்ன செய்யும்?" என்றா.

இந்த வீடு ஸ்காபரோவில், மோர்னிங்சைட் அவெனியூவும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட. எழுபதுகளில் கட்டிய பேக்ஸ்பிளிட். ஸ்காபரோவில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முன்னால் பார்த்தால் சின்ன பங்களா, உள்ளே போனால் அரைத் தட்டு அரைத் தட்டாக நாலு தளம், எங்கே போவதென்றாலும் ஆறேழு படி. 2001இல் அப்பா இரண்டு வேலை செய்து வாங்கினார். 2022 பெப்ரவரியில் அவர் போய்விட்டார். அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. அக்கா விற்பியில், நான் ஏஜக்ஸில். அந்தப் படிகளுக்கு நடுவே அம்மாவும் 13 வயது ரோசியும் மட்டும் இருந்தார்கள். 2024 கோடையில் விற்பது என்று முடிவெடுத்தோம். எங்கள் வயதுக்காரர் பலருக்கு இப்போது இதே வேலை வந்திருக்கிறது என்பது தெரியும். அதில் ஒரு வயதான நாயும் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ரோசி லாப்ரடோரும் வேறு என்னவோவும் கலந்த மண்ணிற நாய். 2012இல் அப்பா காப்பகத்திலிருந்து கூட்டிவந்தபோது அம்மா வாசலில் நின்று, "உதை உள்ளுக்க விடாதேங்கோ" என்றா. ஊரில் நாய் முற்றத்தில் கிடக்கும், குசினிக்குள்ளும் சாமி அறைக்குள்ளும் வராது. இங்கே முற்றம் ஆறு மாதம் பனிக்குக் கீழே. அதனால் முதலில் கராஜ், பிறகு பேஸ்மெண்ட், பிறகு எல்லா இடமும். சாமி அறைக்குள் மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்த விதியை ரோசியே பழகிக்கொண்டாள்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு பிழையைத் திருத்துவதென்றால் முதலில் அதை என் கண்முன்னே நடக்கவைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பிழையோ என் மூக்குக்கே எட்டவில்லை. தொடர்ந்து ஒரே மணத்துக்குள் இருந்தால் மூக்கு அதை அறிவிப்பதை நிறுத்திவிடும், நாய்க்கும் அப்படித்தான், கறிக்கும் அப்படித்தான். அதனால் வீட்டில் எந்தப் பிராணியும் வளர்க்காத ஓர் அலுவலக நண்பனைக் கூப்பிட்டேன். "கதவைத் திறந்ததும் முதல் பத்துச் செக்கனில் என்ன மணக்குதோ சொல்லு, மரியாதை பார்க்காதே" என்றேன். "ஈரத் துவாய்" என்றான். படிகளில் இறங்கிப்போய் ஃபமிலி ரூமைக் காட்டி, "இங்கேதான்" என்றான். குசினியைத் தாண்டும்போது, "இங்கே பசிக்குது" என்றான். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்து ஒரு அல்ட்ராவயலட் டோர்ச் வாங்கினேன். விலை அதிகமில்லை. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அடித்தால் காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சளாக ஒளிரும். ஒளிர்வதெல்லாம் சிறுநீர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சலவைத்தூள் பட்ட துணி ஒளிரும். எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் பச்சை கலந்த மஞ்சளாக நட்சத்திரம் போல மின்னியது. பார்த்தால் மஞ்சள்தூள். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் அந்த ஒளியில் பளிச்சென்று தெரியும். மகள் துள்ளிக் குதித்தாள். அம்மா உடனே துணியை எடுத்தா.

பிறகு ஃபமிலி ரூமுக்கு இறங்கினோம். அங்கே சிதறிய புள்ளிகள் இல்லை. காபட்டின் ஒரே இடத்தில், ஒரு நாய் சுருண்டு படுக்கும் அளவில், ஒன்றின்மேல் ஒன்றாகப் பல வட்டங்கள். அந்த இடத்தை எனக்குத் தெரியும். அப்பாவால் படி ஏற முடியாமல் போன கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலை அங்கேதான் போட்டிருந்தோம். கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் இரண்டு வருடத்துக்கு மேல். வட்டங்கள் கட்டிலின் இடப்பக்கம், அவருடைய கை தொங்கிக்கொண்டிருக்கும் பக்கம்.

"அவள் இரவில அங்கதான் படுக்கிறவள்," என்றா அம்மா இருட்டுக்குள். "நான் படுத்தாப்பிறகு மெல்ல இறங்கிப் போவாள். விடிய முதல் மேல வந்திடுவாள்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"படியில நகச் சத்தம் கேக்குமெல்லே."

'உது' எப்போது 'அவள்' ஆனது என்று நான் கவனித்திருக்கவில்லை.

மிருக வைத்தியரிடம் முதலில் போனது நல்லதாகப் போயிற்று. கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு வயதாகும்போது சிறுநீர்ப்பை வாயிலில் இருக்கும் தசை தளர்ந்து, நித்திரையில் தானாகக் கசிவது சாதாரணமாம். அவளுக்கே தெரியாது. கிருமித் தொற்று இல்லையென்று பார்த்துவிட்டுத் தினமும் கொடுக்க ஒரு குளிசை தந்தார். பத்து நாளில் கசிவு ஏறக்குறைய நின்றுவிட்டது. "வயசு போனா அப்பிடித்தான்" என்று நாங்கள் விட்ட இரண்டு வருடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கம். வீட்டைச் சுத்தம் செய்ய முதல் நாயைக் காட்டுங்கள். இல்லையென்றால் புதுத் தரையும் ஒரு மாதத்தில் பழசாகிவிடும்.

லேபர் டே நீண்ட வாரவிடுமுறை முழுக்க அந்த ஒரு அறைக்குப் போனது. நீராவி இயந்திரம் வாடகைக்கு எடு என்று இரண்டு பேர் சொன்னார்கள். எடுக்க வேண்டாம், சூடு பட்டால் மணம் இழைகளுக்குள் இன்னும் இறுகும். அமோனியா கலந்த திரவமும் வேண்டாம், சிறுநீரிலும் அதே வாடை இருப்பதால் நாய் திரும்ப அந்த இடத்துக்கே வரும். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் படிகமாகக் காய்ந்துவிடும், சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது கரையாது. அதனால்தான் கழுவிய இடமும் மழைநாளில் மறுபடி மணக்கிறது. அதை உடைக்க என்சைம் கலந்த திரவம் வேண்டும், அதுவும் மேலால் தெளித்துத் துடைத்தால் போதாது. ஊறியது எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்கு இதுவும் ஊற வேண்டும்.

காபட்டை வெட்டி எடுத்தோம். கீழே இருந்த பஞ்சு மெத்தை முழுக்கக் கறை, அதற்கும் கீழே கொங்கிரீட்டிலும் நிழல் போல ஒரு வட்டம். என்சைம் ஊற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி இரவு முழுக்க விட்டு, மறுநாள் திரும்பவும் ஊற்றி, இரண்டு நாள் மின்விசிறி போட்டுக் காயவைத்து, மேலே ஷெல்லாக் பிரைமர் இரண்டு தடவை பூசினேன். மணத்தை உள்ளேயே அடைக்க அதுதான் கெட்டிக்காரப் பூச்சு. யன்னலைத் திறந்து, முகமூடி போட்டுக்கொண்டு பூசுங்கள், எனக்குத் தலை சுற்றியது. அதற்கு மேல் வைனல் தரை.

மற்றவை சில்லறை வேலை. ஃபேர்னஸ் ஃபில்டரை மாற்றிவிட்டு, ஆட்கள் வரமுதல் ஒருநாள் ஹீட்டரைப் போட்டுவிடுங்கள். கோடை முழுக்கக் குழாய்க்குள் படிந்த நாய் மயிர் இலையுதிர் காலத்தில் முதல் சூடு வரும்போதுதான் வீடு முழுக்க மணக்கும், அது வாங்க வருகிறவர் நிற்கிற நேரமாக இருக்கக்கூடாது. பின்வளவுப் புல்லில் ரோசி இருந்த இடங்களெல்லாம் நடுவில் காய்ந்து, சுற்றிவரக் கரும்பச்சையாகக் கிடந்தன. சிறுநீரிலுள்ள நைதரசன் கூடினால் புல்லைக் கருக்கும், அளவாக இருந்தால் பசளை. காய்ந்ததைக் கிளறி, தண்ணீர் விட்டு, புதுமண் போட்டு விதை தூவினோம். செப்டெம்பர் தொடக்கம் அதற்குத் தோதான காலம்.

பக்கக் கதவின் கீழ்ப்பாதி முழுக்க நகக் கீறல். அப்பா காலையில் சப்பாத்துப் போடத் தொடங்கியதும் ரோசி போய்க் கதவைச் சுரண்டுவாள். பன்னிரண்டு வருடக் கீறல். மரப் பசை வைத்து அடைத்து, தேய்த்து, வெள்ளை அடித்தேன். மகள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள்.

"அப்பா, ரோசி இங்க இருந்ததே தெரியக் கூடாதா?"

"படத்தில மட்டும்," என்றேன். அது உண்மையில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும், கோப்பையையும் படுக்கையையும் கராஜுக்குள் ஒளித்தவளே அவள்தான்.

இதற்கிடையில் ஏஜென்ட் அண்ணை, "ஒரு கிழமைக்கு நாயை எங்கயாவது விட்டா என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரோசியை ஏஜக்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இரண்டு நாள் சாப்பிடவில்லை. வாசற்கதவைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டாம் இரவு அம்மா ஃபோன் எடுத்து, "சாப்பிட்டாளோ?" என்றா. விடிய நானே திருப்பிக் கொண்டுபோய் விட்டேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அம்மா மனசில் வைத்திருந்த கொண்டோவில் அவவின் பழைய சிநேகிதிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். லிஃப்ட், கீழே கடை, கோயிலுக்குச் சேர்ந்து போக ஆட்கள். ஒன்ராறியோவில் வாடகை ஒப்பந்தத்தில் 'பிராணி கூடாது' என்று எழுதினால் சட்டப்படி அது செல்லாது என்பது பலருக்குத் தெரியும். அதை நம்பித்தான் நானும் இருந்தேன். ஆனால் கொண்டோவின் சொந்தப் பிரகடனமும் விதிகளும் வேறு, வாங்குகிறவரையும் அவை கட்டுப்படுத்தும். ஸ்டேட்டஸ் சேர்டிஃபிகட் என்று ஒரு கட்டு ஆவணம் கேட்டு வாங்கலாம், அதற்கு 100 டொலருக்கு மேல் கேட்க முடியாது. எங்கள் லோயர் அதை வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். அந்தக் கட்டடத்தில் 25 இறாத்தலுக்கு மேற்பட்ட நாய் கூடாது. ரோசி 29 கிலோ. நான் அம்மாவிடம் சொன்னேன். "பாப்பம்" என்றா. அதற்கு மேல் கதைக்கவில்லை. வீட்டுக்குப் பூச்சடிக்க முதல் இந்த ஒரு விஷயத்தைப் பார்த்திருக்க வேண்டும், நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

ரொறன்ரோப் பக்கம் வீடு விற்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வியாழன் போல விளம்பரம், ஆறேழு நாள் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், அடுத்த செவ்வாய் இரவு ஒஃபர். ஒவ்வொரு அரை மணிக்கும் ஃபோனில் ஒரு மணி அடிக்கும். வீட்டுக்காரர் நிற்கக்கூடாது, நாயும் நிற்கக்கூடாது. கூட்டில் பூட்டிவிட்டுப் போகலாம் என்பார்கள். தெரியாத ஆள் கதவைத் திறக்கும்போது கிழநாய் குரைத்தால், வந்தவருக்கு வீடு மறந்துபோகும், குரைப்புத்தான் ஞாபகம் நிற்கும். பூனை வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். அரை மணிக்கு முதலே பூனையைப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். அக்கா முந்தி வீடு விற்றபோது அவவின் பூனை ஃபேர்னஸுக்குப் பின்னால் போய் இருந்துகொண்டு, வந்த சனம் முழுவதையும் உறுமியே அனுப்பியது.

ஆக, காரில் ஒரு பை. தண்ணீர்க் கோப்பை, துவாய், குளிசை, பொலித்தீன் பைகள். ஐந்து மாலைகள் அம்மா, நான், ரோசி, சில நாள் மகளும்.

முதல் நாள் மோர்னிங்சைட் பார்க். வீட்டிலிருந்து மிகக் கிட்ட. மேலே வீதியில் பஸ் ஓடும், கீழே இறங்கினால் ஹைலண்ட் கிரீக் ஓடும் பள்ளத்தாக்கு, காடு. அப்பா தினமும் ரோசியுடன் இங்கேதான் நடந்தார். அம்மா 23 வருடத்தில் ஒருநாளும் வந்ததில்லை. காலையில் வேலை, பிறகு முழங்கால். வாகனத் தரிப்பிடத்தில் கதவைத் திறந்ததும் ரோசி எங்களைக் கேட்காமல் நடக்கத் தொடங்கினாள். பிரியும் பாதையில் இடப்பக்கம், பாலத்தில் ஒரு தரிப்பு, பிறகு ஒரு வாங்கு. வாங்குக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டாள். அம்மாவும் இருந்தா.

கைத்தடியுடன் ஒரு ஜமேக்கா முதியவர் வந்தார். தூரத்திலேயே ரோசியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எங்கே உன் கிழவன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ரோசி வால் முழுக்க ஆடினாள். நான் வாய் திறக்க முதல் அம்மா தன் ஆங்கிலத்தில் சொன்னா, இறந்துவிட்டார், இரண்டு வருடம், நான் மனைவி. அவர் தொப்பியைக் கழற்றினார். கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ஏழு மணியானதும் அப்பா எழும்பி ஓடுவாராம், வீட்டில் தேநீர் போட்டு வைத்திருப்பார்கள், பிந்தினால் பிழை என்று.

"பிந்தினா ஆறிப்போமெல்லே," என்றா அம்மா தமிழில், எனக்கோ அவருக்கோ தெரியவில்லை.

அது செப்டெம்பர் கடைசி. சினூக் சாமன் மீன்கள் ஒன்ராறியோ ஏரியிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் காலம். முழங்கால் ஆழத் தண்ணீரில், கையளவு நீளமான மீன்கள் கல்லில் உரசிக்கொண்டு எதிர்நீச்சலடிக்கும். பிள்ளைகளுடன் ஒருமுறை போய்ப் பாருங்கள், காசு இல்லை, காரில் தூரமில்லை. இவை பசிபிக் பக்கத்து இனம், இந்த ஏரிக்குள் பிறகு கொண்டுவந்து விடப்பட்டவை என்று மகளுக்குச் சொன்னேன். "அப்ப இதுகளும் எங்களை மாதிரி வந்ததுகள்தான்," என்றா அம்மா. கொஞ்சம் கழித்து, "இவ்வளவு மீன். ரெண்டு கிழமையா வீட்டில மரக்கறி."

முட்டையிட்டபின் அவை செத்துவிடும். சனிக்கிழமை அது எங்களுக்கு நினைவில் இருந்திருக்க வேண்டும். அன்று நாலு மணியிலிருந்து வரிசையாக ஆட்கள். நான் ஃபோனைப் பார்த்த நேரம் பார்த்து ரோசி கரையில் கிடந்த ஓர் அழுகிய சாமனின் மேல் தோளைச் சாய்த்து, அப்படியே உருண்டாள். 13 வயது, இடுப்பு வாதம், படியேற உதவி வேண்டும், ஆனால் அழுகிய மீனில் உருளும்போது குட்டி. வீட்டுக்குப் போக ஏலாது. 401இல் நாலு யன்னலையும் திறந்துகொண்டு ஏஜக்ஸ் வரை ஓடினேன். அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தா. அப்பா போனபிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "மீன் பொரிக்க வேண்டாமெண்டவர், இப்ப வந்து மணந்து பாக்கட்டும்."

ஞாயிறு கில்ட் பார்க். புளஃப்ஸின் மேல் விளிம்பில் இருக்கிறது. அந்த மண்மேடுகள் ஏரிக்கரையோரம் 15 கிலோமீற்றர் ஓடுகின்றன, உயர்ந்த இடம் 90 மீற்றர். கில்ட் பார்க்கில் பார்க்க வேண்டியது அந்த மேடுகள் மட்டுமில்லை. ஸ்பென்சர் கிளார்க், ரோசா கிளார்க் என்ற தம்பதி, ரொறன்ரோ நகரத்துப் பழைய கட்டடங்களை இடித்தபோது தூண்களையும் வாசல் முகப்புகளையும் வாங்கிக்கொண்டு வந்து இங்கே நிறுத்தினார்கள். புல்வெளி நடுவே ஒரு வாசல், பின்னால் வீடு இல்லை. பழைய பாங்க் ஒஃப் ரொறன்ரோ கட்டடத்தின் பளிங்குத் தூண்கள் ஒரு நாடக மேடையாக நிற்கின்றன. கலியாணச் சோடிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒன்று தமிழ்ச் சோடி.

அம்மா ஒரு கல் வாசலைத் தடவிப் பார்த்தா. "இடிச்ச வீட்டுக் கதவு நிலையைக் கூடக் கொண்டுவந்து வச்சிருக்கிறாங்கள்," என்றா. பிறகு வாங்கில் இருந்துகொண்டு சொல்லத் தொடங்கினா. 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். எனக்கு அப்போது ஆறு வயது. மழையும், நாவற்குழிப் பாலத்துச் சனமும் எனக்கும் ஞாபகம். கோண்டாவில் வீட்டில் ஒரு நாய் நின்றது எனக்கு ஞாபகமில்லை.

"மணி எண்டு பேர். கட்டி வச்சிருந்தா செத்துப்போம் எண்டு அப்பா அவிட்டு விட்டவர். அது எங்களுக்குப் பின்னால கனதூரம் வந்தது. பிறகு சனத்துக்குள்ள காணேல்ல." ரோசியின் காதை மடித்து விட்டா. "பேந்து திரும்பிப் போகேக்க வீடுமில்லை, அதுவுமில்லை. அதுதான் நான் நாய் வேண்டாமெண்டு நிண்டனான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தக் கொண்டோ வேண்டாம் தம்பி. வேற பார்."

மூன்று சிநேகிதிகளையும் விட்டுக்கொடுப்பது அவவுக்குச் சின்ன விஷயமில்லை. இப்போது இருக்கிற கட்டடத்திலிருந்து அவர்களிடம் போக இரண்டு பஸ். பனிக்காலத்தில் போகவே மாட்டா. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

செவ்வாய் இரவு இரண்டு ஒஃபர் வந்தன. டிம் ஹோர்ட்டன்ஸ் வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தபடி அம்மா ஃபோனில் கையெழுத்துப் போட்டா. நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் காணும். வாங்கியவர்கள் மணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவே அம்மா மீன் பொரித்தா.

நவம்பர் கடைசியில் வீடு காலியானது. கடைசி நாள் நான் குப்பைப் பைகளைக் காரில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தபோது ரோசியைக் காணவில்லை. ஃபமிலி ரூமுக்கு இறங்கியிருந்தாள். புதுத் தரை, வெறும் அறை, என்சைமும் ஷெல்லாக்கும் சேர்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டன என்று நான் நம்பிய இடம். அவள் மூக்கைத் தரையில் வைத்து ஒருமுறை சுற்றி வந்து, யன்னலுக்கும் சுவருக்கும் நடுவே, ஏறக்குறைய அதே இடத்தில், கஷ்டப்பட்டுப் படுத்துக்கொண்டாள்.

"ரோசி, வா" என்றேன். அசையவில்லை.

அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கடைசிப் படியில் இருந்தா.

"விடு. லோயரிட்டத் திறப்பு நாளைக்குத்தானே குடுக்கிறது. கொஞ்சம் படுக்கட்டும்."